எழுதி வைத்த பிறகு மனம் மாறினால்

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் போன மாதம் தமிழில் ஒரு கூட்டம் நடந்தது. தீராத நோய் வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், நம்மால் பேச முடியாமல் போனால் நமக்காக யார் பேச வேண்டும் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே குடும்பத்தோடு பேசிப் பதிந்து வைக்கச் சொல்லும் கூட்டம். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் தாதியாக நெடுங்காலம் இருந்தவள் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் என்னை இப்படிக் கூப்பிடுகிறார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் இதற்கெல்லாம் ஆள் சேராது. தேக்கா சந்தைப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். இலவசத் துணிப்பையை வாங்கிக்கொண்டு போனவர்கள், அதில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். "நல்ல நாளும் அதுவுமா இதைப் பேசிக்கிட்டு" என்று ஒரு அம்மா என்னை முறைத்தது நினைவிருக்கிறது. இப்போது நாற்காலி போதவில்லை. சுவரோரம் நின்று கேட்கிறார்கள்.

கேள்வி நேரத்தில், காலடியில் காய்கறிப் பையை வைத்திருந்த ஒருவர் எழுந்தார்.

"எல்லாம் எழுதி வெச்சாச்சு, சரி. கடைசி நேரத்துல மனசு மாறிட்டா என்ன பண்றது?"

மேடையில் இருந்த அதிகாரி, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று பதில் சொன்னார். சரியான பதில். அவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அந்தக் கடைசி நேரம் ஒரு வீட்டின் அறைக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியதாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தாதிமைப் பள்ளி, பொது வார்டு, பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு என்று என் வேலைக்காலத்தின் முதல் பாதி ஓடியது. அங்கே மனிதர்கள் வாயில் குழாயோடு படுத்திருப்பார்கள். வெளியே அவர்களுடைய பிள்ளைகள், அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டுப் பராமரிப்புக் குழுவுக்கு மாற்றல் கேட்டேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது எங்கள் பங்கு மக்கள், "என்ன ஸ்டெல்லா, சாகப் போறவங்களைப் பாக்குற வேலைக்கா போறே" என்றார்கள். ஆமாம் என்றேன்.

அங்கே என் மேலதிகாரி மிஸ் லிம். உயரமான, ஒல்லியான சீனப் பெண்மணி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் வேனை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களில் யாருக்கும் முதுகு சாயாது. நோயாளியின் வீட்டுக்குள் போனதும் முதலில் கை கழுவ இடம் கேட்பார். கழுவப் போகும் வழியிலேயே வீட்டைப் பார்த்து முடித்துவிடுவார். யார் எங்கே படுக்கிறார்கள், மருந்து எங்கே இருக்கிறது, குளியலறை வாசலில் படி இருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சில வினாடிகளில் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு படுக்கையோரம் தாழ்வான ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்து, நோயாளி அவரைக் குனிந்து பார்க்கும்படி உட்காருவார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனம் தாங்காமல் நான் இடையில் புகுந்து விளக்கம் சொல்லப் போனால் என் முழங்காலை ஒரு விரலால் தொடுவார். அதுதான் அவருடைய திட்டு.

"கவலைப்படாதீங்க" என்ற சொல்லை அவர் குழுவில் யாரும் சொல்லக் கூடாது. திரும்பும் வழியில், என்ன செய்தாய் என்று அவர் கேட்க மாட்டார். என்ன பார்த்தாய் என்றுதான் கேட்பார்.

மூச்சுத் திணறலைப் பற்றி மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. "மூச்சு முட்டுகிறவர் வாயிலிருந்து முதலில் வருவது பயம். அது அவருடைய முடிவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதலில் மூச்சின் வேகத்தை இறக்கு. பிறகு கேள். அவரிடம் கேட்காமல் நீயாக ஒன்றைத் தீர்மானித்துவிடாதே."

ராஜகோபால் ஐயா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். உட்லண்ட்ஸில் அவருடைய புளோக்கில் மட்டும் எத்தனையோ பேர் அவரிடம் கற்று உரிமம் எடுத்தவர்கள். நுரையீரல் தழும்பேறி மெல்ல மெல்ல இறுகிப்போகும் நோய் அவருக்கு. நாங்கள் போகத் தொடங்கியபோதே மூக்கில் பிராணவாயுக் குழாய் நாள் முழுக்க இருந்தது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்வந்தால் வெகுநேரம் பேச மாட்டார். வீட்டில் மனைவி சரோஜா அம்மா, மகன் குமரன், மருமகள் யோகேஸ்வரி. யோகா என்று கூப்பிடுவார்கள். யோகா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜோகூர்ப் பெண். இங்கே ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. குமரன் அதற்கு நேர்மாறு. இங்கே பிறந்து, தினமும் கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வருபவன்.

மிஸ் லிம் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். சரோஜா அம்மாவுக்கும் புரிய வேண்டும் என்பதால் மிஸ் லிம் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"ஐயா, உங்களால பேச முடியாம போச்சுன்னா, உங்களுக்காக டாக்டர்கிட்ட பேசறதுக்கு யாரை நம்புறீங்க?"

எல்லோரும் குமரனைப் பார்த்தோம். அவனும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ராஜகோபால் ஐயா ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, கையைத் தூக்கிக் கதவோரம் நின்ற யோகாவைக் காட்டினார்.

"இவ."

குமரன் சிரிக்கப் பார்த்தான். "அப்பா, அவங்க கேக்குறது ஃபேமிலில யாருன்னு."

"தெரியும்டா." கொஞ்சம் நிறுத்தினார். "உனக்கு என்னைப் போக விட மனசு வராது. மூச்சு இருந்தாப் போதும்னு எதையாவது செருகச் சொல்லுவே. இவ நான் சொன்னதைச் சொல்லுவா."

"மாமா, வேணாம் மாமா. அவர்தான் இருக்காரு இல்ல" என்றாள் யோகா.

"நீ எங்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவ. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சாலும் பதற மாட்டே. அது போதும்."

பிறகு தமக்கு வேண்டியதைச் சொன்னார். தொண்டையில் குழாய் போடக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டாம். ஆஸ்பத்திரியே வேண்டாம். தம் கட்டிலில், தம் அறையில் போக வேண்டும். சொல்லச் சொல்லக் குமரனின் காது சிவந்துகொண்டே வந்தது. மிஸ் லிம் சரோஜா அம்மாவின் பக்கம் திரும்பி, அவர் என்ன நினைக்கிறார் என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

"அவர் சொல்றதுதான்" என்றார் சரோஜா அம்மா. சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்து போனார்.

வேனில் ஏறியதும் மிஸ் லிம் கேட்டார். "என்ன பார்த்தாய்?"

"மகனுடைய கோபத்தை" என்றேன்.

"நான் அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தட்டு முன்னமே காய்ந்திருந்தது."

அடுத்தடுத்து நான் தனியாகப் போன நாட்களிலும் சரோஜா அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். ஐயா வீட்டிலேயே இருப்பது உங்களுக்குச் சரிதானா என்று கேட்டால் அதே பதில்தான் வரும். ஐயாவுக்கு இருமல் தொடங்கினால் அந்த அம்மா அறையை விட்டுப் போய்விடுவார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும்.

யோகாவுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மூச்சு முட்டும்போது நாக்குக்கடியில் விட வேண்டிய மார்ஃபின் மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து எடுப்பது, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து முன்னால் மேசையைத் தள்ளித் தலையணை மேல் சாயவைப்பது, மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்புவது. மருந்துக்குப் பதில் தண்ணீரை வைத்துப் பழகினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாஸ்" என்றார். அன்று அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தோம், குமரனைத் தவிர. அவன் என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான்.

எல்லாம் நடந்த அந்த நாள் மத்தியானம் நான் புக்கிட் பாஞ்சாங்கில் வேறொரு நோயாளிக்குப் புண்ணைக் கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. போன் அடித்தது. யோகா.

"சிஸ்டர், மாமாவுக்கு முடியல. காலையில இருந்தே ஒரு மாதிரி இருந்தாரு. இப்ப ரொம்ப இழுக்குது. மருந்து குடுத்துட்டேன், நிக்கல."

"நிமிர்ந்து உக்காந்திருக்காரா?"

"உக்காந்திருக்காரு. கட்டில் கம்பியைப் புடிச்சிக்கிட்டு இருக்காரு. விட மாட்டேங்கிறாரு."

பின்னணியில் அவருடைய மூச்சு கேட்டது. ஈரத்துணியைக் கிழிப்பது போன்ற சத்தம். கட்டுப் போடுவதை முடித்து, போனைக் காதில் வைத்தபடியே லிஃப்டுக்கு ஓடினேன். நான் காரை எடுத்து நெடுஞ்சாலைக்குள் நுழைந்ததும் மழை கொட்டத் தொடங்கியது. முன்னால் போன லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஜன்னலைத் திறந்து வைம்மா. சாரல் அடிச்சாப் பரவாயில்ல. ஃபேன் முகத்துக்கு நேரா இருக்கா? நீ அவர் கண்ணுக்கு முன்னால நில்லு. நீ மெதுவா மூச்சு விடு, அவர் பாக்கட்டும்."

"சரி சிஸ்டர்." பிறகு அவள் குரல் மாறியது. "சிஸ்டர், ஆம்புலன்ஸ் வருது."

"யாரு கூப்பிட்டது?"

"அத்தை. என் வீட்டுக்காரர் அத்தைக்குப் போன் பண்ணிக் கூப்பிடச் சொல்லியிருக்காரு. விஷயம் தெரிஞ்சதும் வேலையிலிருந்து கெளம்பிட்டாரு. இப்ப பஸ்ல இருக்காரு, கடற்பாலத்துல ஒரே ஜாம்லா, நகரவே இல்லைன்னு கத்துறாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொன்னு. மாமாவே ஆஸ்பத்திரின்னு சொல்றாரு."

அவள் அவருக்காகப் பேச வேண்டியவள். அவள் பேச வேண்டிய சொல்லுக்கு எதிராக அவரே பேசிக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தாழ்வாரத்தில் ஆம்புலன்ஸின் தள்ளுகட்டில் நின்றது. அறைக்குள் சீருடையில் மூன்று பேர். அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்த பெண் ஐயாவின் விரலில் பிராணவாயு அளக்கும் கருவியை மாட்டியிருந்தார். ராஜகோபால் ஐயாவின் கழுத்து நரம்புகள் கயிறாகத் திரண்டிருந்தன. உதடு நீலம். கண்கள் யாரையும் பார்க்கவில்லை. "ஆஸ்பத்... ஆஸ்பத்திரி" என்று ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு துண்டு வந்தது. யோகா அவர் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து மூச்சை மெதுவாக விட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. கட்டில் மேல் கிடந்த போனிலிருந்து குமரனின் குரல் வந்துகொண்டிருந்தது.

"அப்பாவே சொல்றாரு இல்ல? அப்புறம் என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? கூட்டிட்டுப் போங்க. டியூப் போடணும்னா போடச் சொல்லு. யோகா, கேக்குதா? நான் வர்ற வரைக்கும் அவர் இருக்கணும்."

ஆம்புலன்ஸ் பெண் என்னைப் பார்த்தார். நான் யார் என்பதையும், ஐயாவின் நோய் என்ன என்பதையும், அவர் முன்பே சொல்லி வைத்திருந்ததையும் சுருக்கமாகச் சொன்னேன். "ஆனால் இப்போது அவர் வேறு சொல்கிறார். அதை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. எனக்குச் சில நிமிடங்கள் கொடுங்கள். மூச்சு இறங்கட்டும், பிறகு அவரிடமே கேட்போம்."

அவர் கருவியைப் பார்த்தார், நோயாளியைப் பார்த்தார். "சரி. ஆனால் நாங்கள் இங்கேயே இருப்போம்" என்றார். பிராணவாயுவை அவர்களுடைய உருளையிலிருந்து கூட்டி வைத்தார்கள். நான் மறுமுறை மருந்தை அளந்து நாக்குக்கடியில் விட்டேன். மேசையைத் தள்ளித் தலையணையை உயர்த்தி அவருடைய கைகளைக் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதன் மேல் வைத்தேன். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன்.

"ஐயா, ஸ்டெல்லா வந்திருக்கேன். இழுக்க வேணாம். ஊதுங்க. விளக்கை அணைக்கிற மாதிரி மெதுவா ஊதுங்க. என்கூட."

ஊதினேன். யோகாவும் ஊதினாள். போனில் குமரன் திரும்பவும் கத்தினான்.

"தம்பி" என்றேன் போனைப் பார்த்து. "உங்க குரல் அப்பாவுக்குக் கேக்குது. நீங்களும் மெதுவாப் பேசுங்க. அவர் உங்களைக் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பஸ்ஸின் இரைச்சலும் மழையும் மட்டும் கேட்டன.

அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய தோள்பட்டைகளை. மூச்சுக்கு மூச்சு காதுவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தவை முதலில் கொஞ்சம் தாழ்ந்தன. பிறகு இன்னும் கொஞ்சம். கழுத்து நரம்புகள் தளர்ந்தன. அவர் கண்கள் அறைக்குத் திரும்பி வந்தன. யோகாவைப் பார்த்தார். அவள் பின்னால் நின்ற சீருடைக்காரர்களைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியே வெகுநேரம் பார்த்தார்.

நான் குனிந்து அவர் கண்ணுக்கு நேரே வந்தேன். "ஐயா, இப்ப கேக்குறேன். இங்கேயே இருக்கணுமா, போகணுமா?"

யோகாவின் கை என் கையைப் பிடித்திருந்தது. அவள் நகம் பதிந்தது.

"போகணும்" என்றார்.

போனிலிருந்து குமரன் மூச்சை விட்டது கேட்டது. யோகாவின் கை தளர்ந்தது.

"மாமா, நீங்கதானே வீட்லயேன்னு சொன்னீங்க. நான் அதுக்காக எல்லார்கிட்டயும்..."

"சொன்னேன்." இரண்டு மூச்சு. "அப்ப தெரியல." அவர் மீண்டும் கதவுப் பக்கம் பார்த்தார். "டியூப் வேணாம். அது வேணாம். ஆனா... வீடும் வேணாம்."

அவர் பார்த்த திசையில் நானும் திரும்பிப் பார்த்தேன். அடுப்படியில் குளிர்சாதனப் பெட்டியை ஒட்டி, தரையில், சரோஜா அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார்.

"அவ அந்தக் கட்டில்லதான் நாளைக்கும் படுக்கணும்" என்றார் அவர்.

எனக்கு அடுத்த சிக்கல் உடனே தெரிந்தது. அவசர ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத்தான் கொண்டுபோகும். அங்கே போனால் கேள்விகள், குழாய்கள், மறுபடி இதே சண்டை. அவர் கேட்பதற்குச் சரியான இடம், கடைசிக் காலத்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம். அங்கே படுக்கை கிடைப்பது எளிதில்லை. மிஸ் லிம்மைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் குறுக்கிட்டார்.

"யார் சொன்னது? மகனா?"

"இல்லை. அவரே."

"மூச்சு இறங்கிய பிறகா?"

"இறங்கிய பிறகு."

"சரி. அவர் பக்கத்திலேயே இரு. படுக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஆம்புலன்ஸ் பெண் தாமே அவர் முன் குனிந்து, ஆஸ்பத்திரிக்கு இப்போது வர விருப்பமில்லையா என்று மலாயில் கேட்டார். அவர் மலாயிலேயே, வேறு இடம் பார்க்கிறார்கள், காத்திருக்கிறேன் என்று பதில் சொன்னார். அது தெளிவாக இருந்தது. இருந்தும் மூச்சு நிதானப்படும் வரை அவர்கள் போகவில்லை. திரும்பவும் திணறினால் தயங்காமல் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு காத்திருந்த நேரம்தான் எனக்கு மிகவும் கடினம். மிஸ் லிம்மிடமிருந்து தகவல் இல்லை. மருந்தின் வேகம் குறைந்து திரும்பவும் இழுக்கத் தொடங்குமோ என்று அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறை இருமியபோது யோகாவும் நானும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டோம். அது வெறும் இருமல்தான்.

வாசல் கதவு தள்ளித் திறந்தது. குமரன். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடற்பாலத்தை மழையிலேயே நடந்து தாண்டியிருக்கிறான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தரையெல்லாம் தண்ணீர். அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பிறகு யோகாவிடம் திரும்பினான்.

"ஏன் அனுப்பல? அவர் கேட்டாரு, நீ அனுப்பல. அவருக்காகப் பேச நீ யாரு?"

கட்டிலிலிருந்து அவர் கையை உயர்த்தினார்.

"அவளைக் கேக்காத. இங்க வா. என்னைக் கேளு."

குமரன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"கேளுடா" என்றார். "ஒரு தடவைகூட நீ என்னைக் கேக்கல. டாக்டரைக் கேட்டே. இந்த நர்ஸ் மிஸ்ஸியைக் கேட்டே. இவளைத் திட்டுனே."

குமரன் நடந்து வந்து கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான். "உங்களுக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டபோது அவன் குரல் சின்னப் பையன் குரல் போல இருந்தது. தந்தை முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக. குழாய் வேண்டாம். வீடும் வேண்டாம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் இடம். நீங்கள் எல்லோரும் வந்துபோக முடிகிற இடம். குமரன் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

"தலையைத் துவட்டு முதல்ல" என்று முடித்தார் அவர். யோகா துண்டைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள்.

மிஸ் லிம் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் படுக்கை கிடைத்துவிட்டது. எப்படி வாங்கினார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அந்த இல்லத்தில் ஐயா சில நாட்கள் இருந்தார். நான் போய்ப் பார்த்தபோது சரோஜா அம்மாவை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வீட்டில் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கப் பயந்தவர், கட்டில் மேலேயே ஒரு ஓரமாக ஏறி உட்கார்ந்து அவர் பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் இருமியபோதும் கையை எடுக்கவில்லை. மணியை அழுத்தினார், தாதி வந்தாள், பார்த்துக்கொண்டாள், இவர் எண்ணெய் தடவுவதைத் தொடர்ந்தார். வீட்டில் அந்த அம்மாவிடம் நாங்கள் எல்லோரும் ஒரு தாதியை எதிர்பார்த்துவிட்டோம். இங்கே அவர் மனைவியாக மட்டும் இருந்தால் போதும்.

ஐயா ஒரு காலைப் பொழுதில் போனார். சரோஜா அம்மா அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். யோகா ஜன்னலோரம் நின்றிருந்தாள். மழையில் கடற்பாலத்தை நடந்து தாண்டி வந்த குமரன், எல்லோருக்கும் கோப்பி வாங்கக் கீழே போயிருந்தான். பிளாஸ்டிக் பைகளில் கட்டிய கோப்பியைக் கையில் தொங்கவிட்டபடி அவன் வாசலில் வந்து நின்றதை யோகா பிறகு என்னிடம் சொன்னாள். அவன் சத்தம் போடவில்லையாம். கோப்பியை ஒவ்வொன்றாக மேசையில் வைத்துவிட்டுப் போய் அப்பாவின் காலடியில் நின்றானாம்.

மண்டபத்தில் கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான். மனம் மாறும். ராஜகோபால் ஐயாவின் மனம் பாதி மாறியது, பாதி மாறவில்லை. எந்தப் பாதி மாறியது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள, அவர் பயத்தைத் தணித்துவிட்டுக் கேட்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்பே பேசி வைத்திருந்ததால்தான் அன்று அந்த அறையில் எங்களுக்குக் கேட்கத் தெரிந்தது. இல்லாவிட்டால் அவரைத் தள்ளுகட்டிலில் ஏற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. காரியமெல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். யோகா என்னை உட்காரவைத்துவிட்டு, அவள் மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"அவர் முதல்ல சொன்னப்பவே நான் அனுப்பியிருக்கணுமா சிஸ்டர்? அந்தக் கொஞ்ச நேரம் அவர் பட்ட கஷ்டம் என்னாலதானா?"

நான் பதில் சொல்லுமுன் சரோஜா அம்மா அடுப்படியிலிருந்து வந்து எங்கள் எதிரே உட்கார்ந்தார்.

"நீ அவர் முன்னாடி நின்னே. நான் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். நீயும் என்னை மாதிரி ஓடியிருந்தா அவர் யார் முகத்தைப் பாத்து மூச்சு விட்டிருப்பாரு?" என்றார் மருமகளிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸி, அவர்கிட்ட கேட்டீங்களே, அந்த மாதிரி எங்கிட்டயும் கேளுங்க."

"இப்பவா அம்மா?"

"நல்லா இருக்கறப்பதானே கேக்கணும்னு சொல்வீங்க. நீங்க எங்கிட்ட வந்தப்பல்லாம் அவரைப் பத்திதான் கேட்டீங்க. அதுக்கு நான் என்ன சொல்றது, அவர் உடம்பு, அவர் சொல்றதுதான். என்னைப் பத்திக் கேளுங்க."

கேட்டேன். உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் எது முக்கியம் என்று.

"எங்க வேணா வைங்க. ஆஸ்பத்திரியோ வீடோ, எனக்கு அது பெரிசில்ல. என்ன வியாதின்னு முதல்ல எங்கிட்ட சொல்லணும். அவருக்கு நுரையீரல் இப்படின்னு இவங்க எல்லாருக்கும் தெரிஞ்சு, ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். நான் தாங்க மாட்டேன்னு மறைச்சாங்க. அவர் ஏன் மாடிப்படி ஏற மாட்டேங்கிறாருன்னு நான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். அது எனக்கு நடக்கக் கூடாது. முதல் ஆள் நான்தான்."

யோகா மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் மறைத்தவர்களில் ஒருத்தி.

"அப்புறம் எனக்காகப் பேசறது யாருன்னு கேப்பீங்க. இவங்க ரெண்டு பேரும். தனித்தனியா இல்ல. உக்காந்து பேசித்தான் சொல்லணும். பேசிக்க மாட்டேன்னா நான் சாகவே மாட்டேன்னு சொல்லிடுங்க."

உள்ளறையிலிருந்து குமரன் வந்து நின்றதை நாங்கள் அப்போதுதான் கவனித்தோம். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரியாது. அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"உனக்கு ரொம்ப பயமா இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு" என்றார் சரோஜா அம்மா.

"சொல்லு. நான் கேக்குறேன்."

அவர் சொல்லத் தொடங்கினார். முதல் நாள் அந்தப் பிராணவாயு இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததிலிருந்து. யோகா எழுந்து போய் மாமியாரின் மறுபக்கம் உட்கார்ந்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். போய்வருகிறேன் என்று சொன்னால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்று தோன்றியது. வெளியே வந்து, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, லிஃப்டை நோக்கி நடந்தேன்.